எட்டரை மணிக்கு எந்த ஆப்?

அப்பா ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே டி.வி. அதில் சேனல் எதுவும் இல்லை. ஜவுளிக் கடை ஷோகேஸ் மாதிரி வரிசை வரிசையாகப் போஸ்டர்கள். துப்பாக்கியோடு ஒருத்தர், அரிவாளோடு ஒருத்தர், முகமெல்லாம் ரத்தமாக ரெண்டு பேர், அழுகிற ஒரு கொரியப் பெண். அப்பாவின் கையில் ஸ்கெட்ச் பேனா நீளத்துக்கு ஒரு ரிமோட். அதில் ஒண்ணு, ரெண்டு என்று நம்பர்களே கிடையாது.

மணி இரவு எட்டு இருபத்தெட்டு.

"டேய்... எட்டரை மணிக்கு எந்த ஆப்?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சமையலறையிலிருந்து என் மனைவியும் சிரித்தாள். இரண்டாவது படிக்கும் என் பையன் தரையில் உருண்டே சிரித்தான். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"இதுல மணியெல்லாம் கிடையாதுப்பா. நாம எப்ப நினைக்கிறோமோ அப்ப பார்க்கலாம். அதானே இதோட விசேஷம்!" என்று ஒரு லெக்சர் அடித்துவிட்டு, பழைய கறுப்பு - வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டுக் கொடுத்து நகர்ந்தேன். அவரும் அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

அந்தச் சிரிப்புக்கு நான் வட்டியும் முதலுமாகக் கட்டியது பதிமூணு நாள் கழித்து. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேபிளை அறுத்துவிட்டு இந்தப் பெட்டிக்கு ஏன் தாவினேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

நான் பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரை இரண்டாவது அட்டெம்ப்ட்டில் பாஸ் செய்தவன். (முதல் அட்டெம்ப்ட் பற்றிப் பேச வேண்டாமே!) பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். இந்தத் தொழிலில் வரவு எப்போது வரும் என்று ஜோசியரும் சொல்ல முடியாது. செலவு மட்டும் ஒண்ணாம் தேதி டாண் என்று வந்து நிற்கும். அப்படி ஒரு ஒண்ணாம் தேதிக்கு முன்னால்தான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். கேபிளுக்கு 280. பிராட்பேண்டுக்கு வரியோடு 707. வருஷப் பாஸ் இரண்டு, ஒவ்வொன்றும் 1,499. மாசக் கணக்கில் இரண்டும் சேர்ந்து 250. இங்கிலீஷ் படத்துக்காக மாசம் 499. எப்போதோ ஒரு மேட்ச்சுக்காகப் போட்டுவிட்டு மறந்துபோன இன்னொன்று 199. ஆக மொத்தம் 1,935 ரூபாய்!

வீட்டில் இருப்பது நாலு பேர். டி.வி. ஒன்று. அதுவும் முப்பத்திரண்டு இஞ்ச்.

"முதல்ல கேபிளை வெட்டணும்" என்று முடிவு செய்தேன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஏன் அரியர்ஸ் விழுந்தது என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். 1,935ல் கேபிளின் பங்கு 280தான். ஆனால் மாசா மாசம் வாசலில் வந்து நின்று கேட்கிற 280தானே கண்ணை உறுத்தும்! சத்தமில்லாமல் அக்கவுண்ட்டிலிருந்து போகிற 1,655 உறுத்தாதே!

எங்கள் ஏரியா கேபிள்காரத் தம்பி என்னோடு சண்டையெல்லாம் போடவில்லை. கனெக்‌ஷனைக் கழற்றிக்கொண்டே, "ஆன்லைனுக்குப் போறீங்களா சார்? சந்தோஷம். ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டீங்களா?" என்றான்.

"அவர் எங்கேப்பா டி.வி. பார்க்கறார்" என்றேன். இரண்டாவது தப்பு.

அப்பா பொதுப்பணித் துறையில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருந்து ரிடையர் ஆனவர். பெட்டி விஷயத்தில் அவருக்குப் பழைய சரித்திரம் ஒன்று உண்டு. 2003 செப்டம்பரில் 'காஸ்' என்று ஒரு திட்டம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கட்டணச் சேனல் பார்க்க வேண்டுமானால் செட்-டாப் பாக்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்ற சட்டம். மற்ற ஊர்களெல்லாம் நைசாக நழுவிக்கொள்ள, மாட்டிக்கொண்டது சென்னைதான். பெட்டி வாங்காதவர்களுக்கு இலவசச் சேனல்கள் மட்டும், மாசம் 72 ரூபாய். "72 ரூபாய்க்கு மேல ஒரு பைசா கிடையாது" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் பள்ளிக்கூடப் பையன். கிரிக்கெட் நடக்கிற நாட்களில் எதிர் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வளர்ந்தேன். அப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் இப்போது நான் பெட்டி வாங்கப் புறப்பட்டேன்.

நேரே ரிச்சி ஸ்ட்ரீட்.

அங்கே ஒரு கடை. பெயரெல்லாம் வேண்டாம், அந்தத் தெருவில் அது மாதிரி நிறைய. கடைக்காரர் எடுத்து வைத்தது பச்சை விளக்கு எரியும் ஒரு கறுப்புப் பெட்டி. அட்டையில் '8கே அல்ட்ரா' என்று தங்க எழுத்து. விலை 1,900.

"எந்த ஆப் வேணா ஓடும் சார். பத்தாயிரம் சேனல் ஃப்ரீ. லைஃப்டைம்!"

"யாரோட லைஃப்டைம்?"

"பாக்ஸோடதுதான் சார்" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அந்த நேர்மையில் மயங்கித்தான் வாங்கினேன் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினால்... படம் வந்தது. ஆனால் கொசுவலைக்கு அந்தப் பக்கம் யாரோ நடிக்கிறாற்போல் வந்தது. கதாநாயகனின் மீசை எங்கே முடிகிறது, வில்லனின் தாடி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. மாடி வீட்டு சாஃப்ட்வேர் தம்பியைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தவன், ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார்களே, அது மாதிரி ஒரு முகம் காட்டினான்.

"அண்ணே, இது எல்3 பாக்ஸ்."

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த பாஷையில் தருகிறேன். படக் கம்பெனிக்காரர்கள் படத்தைச் சும்மா அனுப்புவதில்லை; பூட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். கூகுளின் 'வைட்வைன்' என்பது அந்தப் பூட்டுகளில் ஒன்று. பூட்டைத் திறக்கிற வேலை பெட்டிக்குள் சிப்பிலேயே, பாதுகாப்பான அறையில் நடந்தால் அது எல்1. வெறும் சாஃப்ட்வேரில், நடு ஹாலில் வைத்துத் திறந்தால் அது எல்3. "இவன் வீட்ல கதவே சரியில்லை" என்று எல்3 பெட்டிக்குப் பெரும்பாலான கம்பெனிகள் நல்ல பிரிண்ட்டைத் தருவதில்லை. 480 வரிசையில் ஒரு மங்கல் படத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அட்டையில் 8கே போட்டிருந்தாலும் சரி, 80கே போட்டிருந்தாலும் சரி.

மங்கல் படத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. இப்படிப் பேர் ஊர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே திருட்டு சாஃப்ட்வேரை உள்ளே வைத்து அனுப்பிவிடுகிறார்களாம். 'பேட்பாக்ஸ் 2.0' என்று அதற்குப் பெயர். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரிக்கை விட்டது; அடுத்த மாசமே கூகுள் நியூயார்க் கோர்ட்டில் கேஸ் போட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் இதில் சிக்கியிருக்கின்றன என்றது கூகுள். நம் வீட்டு வைஃபையை வைத்துக்கொண்டு எங்கேயோ இருக்கிறவன் விளம்பரங்களை 'க்ளிக்' செய்து காசு பார்ப்பான். பத்தாயிரம் சேனல் ஃப்ரீயாக வந்தால், வேறு யாரோ நம்மை ஃப்ரீயாக உபயோகிக்கிறார் என்று அர்த்தம். பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டேன். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனதும், "சீல் உடைச்சிட்டீங்களே சார்" என்று அவர் வருத்தப்பட்டதும் தனிக் கதை.

அடுத்தது, பெயர் பெற்ற கம்பெனியின் ஸ்டிக். மூவாயிரம் ரூபாய். 2017 ஏப்ரலில் அமேசானின் ஃபயர் டி.வி. ஸ்டிக் இந்தியாவுக்கு வந்தபோது 3,999 ரூபாய். இப்போது அதைப் போலப் பல வந்துவிட்டன. கூகுளின் குரோம்காஸ்ட் மட்டும் 2024 ஆகஸ்ட்டோடு தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. கடையில் மிச்சச் சரக்காக எங்கேயாவது மலிவாகக் கிடைத்தால், எத்தனை வருஷத்துக்கு அப்டேட் வரும் என்று யோசித்து வாங்குங்கள்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படாமலே தெரிந்துகொள்ளலாம். என் டி.வி. முப்பத்திரண்டு இஞ்ச், சாதா ஹெச்.டி. அதற்கு '4கே' ஸ்டிக் வாங்குவது, சைக்கிளுக்கு ஸ்பீட் கவர்னர் மாட்டுவது மாதிரி. அப்புறம் கரண்ட்! ஸ்டிக்கோடு ஒரு அடாப்டர் தருகிறார்கள். "எதுக்கு ஒரு பிளக் பாயிண்ட்டை வேஸ்ட் பண்ணணும்" என்று டி.வி.யின் பின்னால் இருந்த யு.எஸ்.பி. ஓட்டையில் சொருகினேன். பழைய டி.வி.யின் அந்த ஓட்டை கொடுக்கிற கரண்ட், ஸ்டிக்குக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. க்ளைமாக்ஸ் வருகிற நேரமாகப் பார்த்து அணைந்து, திரும்ப முதலிலிருந்து கம்பெனி பொம்மையைக் காட்டியது. மூணு நாள் 'வைஃபை சரியில்லை' என்று பிராட்பேண்ட்காரரைத் திட்டிவிட்டு, நாலாம் நாள் அடாப்டரைப் போட்டேன். சரியாகிவிட்டது. (பிராட்பேண்ட்காரர் இதைப் படித்தால்... ஸாரி சார்!)

மேன்ஷன்வாசிகள் இந்தக் கணக்கைக் கவனிக்கவும். நெட்ஃபிளிக்ஸ் சொல்கிற கணக்கில், ஃபுல் ஹெச்.டி. படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட், 4கேக்கு 15 மெகாபிட் வேகம் இருந்தால் போதும். ஆகவே முந்நூறு, ஐந்நூறு என்று பிளான் போடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்டு மயங்க வேண்டாம். ஆனால் ஹெச்.டி.யில் ஒரு மணி நேரம் ஓடினால் 3 ஜி.பி. வரை விழுங்கும். தினம் ஒன்றரை ஜி.பி. போன் பேக்கில் ஹாட்ஸ்பாட் போட்டு நாலு பேர் படம் பார்க்க உட்கார்ந்தால், ஹீரோயின் அறிமுகமாகும்போது டேட்டா காலியாகிவிடும்.

"சேனலும் வரணும், ஆப்பும் வரணும்னா ரெண்டும் கலந்த பெட்டி இருக்கே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் பெட்டி 2019 செப்டம்பரில் வந்தது, 3,999 ரூபாய். 2020 ஜனவரியில் டாடா ஸ்கை (2022 முதல் டாடா பிளே) பிஞ்ச் பிளஸ் என்று ஒன்று விட்டது, 5,999. டிஷ் வழியாகச் சேனல், இன்டர்நெட் வழியாக ஆப். ரிமோட்டில் நம்பரும் உண்டு. பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு உத்தமமான யோசனை. ஆனால் எங்கள் ஹவுஸ் ஓனர், மொட்டை மாடியில் துணி காயப்போடுவதற்கே டைம்-டேபிள் போட்டிருப்பவர். டிஷ் என்று வாயைத் திறப்பதற்குள், "ஓட்டை போடப்படாது" என்றார்.

பிராட்பேண்டோடு ஓசியாகத் தருகிறார்களே, அந்தப் பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டி ஓசி, கயிறு அவர்கள் கையில். நாளைக்கு வீடு மாறி வேறு கம்பெனி இணைப்பு வாங்கினால், அந்தப் பெட்டியைத் திருப்பித் தர வேண்டும் அல்லது பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொள்ள வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை வாடகை வீடு மாறுகிற நம்ம கேஸ்களுக்குச் சொந்தக் காசில் வாங்கிய ஸ்டிக்தான் சரி. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஊருக்குக்கூட எடுத்துப் போகலாம்.

பெட்டி ஒரு நாள் கூத்து. பாஸ்தான் ஆயுசு பூரா.

முன்பெல்லாம் கேபிள்காரரிடம் ஒரு பணம், எல்லாச் சேனலும். 2019ல் ட்ராய் வந்து 'நீங்க பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கொடுங்க' என்றது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்போது நூறு சேனல் வரை வருவதற்கு 130 ரூபாயும் வரியும் வாசல் கட்டணமாக இருந்தது; அதற்கு மேல் ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனிக் காசு. இப்போது ஆப்களும் அதே மாதிரிதான் ஆகிவிட்டன. ஒரு சேனல் குடும்பத்துக்கு ஒரு ஆப். சன் டி.வி. சீரியல் என்றால் சன் நெக்ஸ்ட். விஜய் டி.வி. என்றால் ஜியோஹாட்ஸ்டார். ஜீ தமிழ் என்றால் ஜீ5. மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று என்று இரண்டு சீரியல் ஓடுகிற வீட்டில் ரெண்டு பாஸ்.

விலையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. நெட்ஃபிளிக்ஸ் மட்டும் 2021 டிசம்பரில் அதிசயமாக விலையைக் குறைத்தது. மொபைல் 149, பேசிக் 199, ஸ்டாண்டர்டு 499, பிரீமியம் 649. இதில் 149 பிளான் போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான் ஓடும். டி.வி.யில் ஓடாது. என் நண்பன் ஒருத்தன் இது தெரியாமல் 149 கட்டிவிட்டு, டி.வி. ரிப்பேர் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு அவருக்கு 300 கொடுத்தான். அதே டிசம்பரில் அமேசான் பிரைம் 999லிருந்து 1,499க்குத் தாவியது. 2025 ஜூனில் படத்துக்கு நடுவே விளம்பரமும் வந்துவிட்டது. விளம்பரம் வேண்டாமென்றால் வருஷத்துக்கு இன்னும் 699. காசு கொடுத்து விளம்பரம், காசு கொடுத்து விளம்பரம் இல்லாமை!

ஐ.பி.எல். கதையும் இதேதான். 2023, 2024 இரண்டு வருஷமும் ஜியோசினிமாவில் ஓசி. 'அண்ணன் வாழ்க' என்று எல்லோரும் வாய் பிளந்து பார்த்தோம். 2025 பிப்ரவரியில் இரண்டு கடையும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆனது. பாஸ் வாங்கு என்றார்கள். நண்பர் வீட்டுப் பாஸ்வேர்டில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு 2023 ஜூலையிலேயே நெட்ஃபிளிக்ஸ் கதவைச் சாத்திவிட்டது. நானும் அதில் ஒருத்தன். பாஸ்வேர்டு தந்த நண்பனுக்கு அன்றைக்குத்தான் கடைசியாகப் போன் செய்தேன் என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இங்கேதான் என் பி.காம். கொஞ்சம் உதவியது. பிரைம் மாசத்துக்கு 299, வருஷத்துக்கு 1,499. ஜியோஹாட்ஸ்டார் பிரீமியமும் 2025ல் ஆரம்பித்தபோது சொல்லிவைத்தாற்போல் அதே 299, அதே 1,499. ஐந்து மாசத்துக்கு 299 வீதம் போட்டால் 1,495. ஆக, வருஷத்தில் ஐந்து மாசத்துக்கு மேல் நிஜமாகவே பார்ப்பீர்களா? அப்படியென்றால் வருஷப் பாஸ். ஐ.பி.எல்.லுக்கு இரண்டு மாசம், தீபாவளிக்கு ஒரு மாசம் என்றால் மாசப் பாஸ்தான். 'வருஷப் பாஸ் போட்டா மாசத்துக்கு 125தான் வருது' என்ற கணக்கு, ஜிம்மில் வருஷச் சந்தா கட்டிய அத்தனை பேரும் போட்ட கணக்கு. விலை மாறலாம், மாசத் தொகையால் வருஷத் தொகையை வகுத்துப் பார்க்கிற வழி மாறாது.

மாசப் பாஸில் ஒரு முள் உண்டு. அது மாசா மாசம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. கார்டிலிருந்து இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் நமக்குத் தகவல் வர வேண்டும், வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம். எனக்கும் ஒழுங்காகத் தகவல் வந்துகொண்டுதான் இருந்தது. பர்சனல் லோன் தருகிறோம், பிளாட் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற நாற்பது எஸ்.எம்.எஸ்.களுக்கு நடுவில். அந்த 199, ஆறு மாசமாக.

அதைக் கண்டுபிடித்தது அப்பா. கேபிளை வெட்டிய மறுநாள் காலை, என் போனை வாங்கி நேரம் பார்த்தவர் எஸ்.எம்.எஸ்.ஸைப் படித்துவிட்டார்.

"இது என்னடா 199?"

"அது ஒரு மேட்ச்சுக்காக..."

"மேட்ச் எப்ப?"

"ஆறு மாசம் முன்னால."

"பாஸ் பண்ணினது யாரு? வவுச்சர் எங்கே?"

1,194 ரூபாய்க்கு வவுச்சர் இல்லை என்பது அப்பாவைப் பொறுத்தவரை ஆடிட் அப்ஜெக்‌ஷன். ரொம்ப நாளாகத் தொடாத தம்முடைய நீள நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். "இனிமே யார் எதை எத்தனை மணி நேரம் பார்க்கறீங்கன்னு இதுல என்ட்ரி போடப் போறேன்" என்றார். நாங்கள் மறுபடி சிரித்தோம். அவருக்கு ஒரு பொழுதுபோக்காகட்டும் என்று விட்டுவிட்டோம். அம்மா போன ஐப்பசிக்கு அப்புறம் அவர் அந்த நோட்டைத் தொட்டதே இல்லை.

பதிமூணாம் நாள், சனிக்கிழமை காலை. அப்பா பால் வாங்கப் போயிருந்தார். கட்டுரைக்கு ஒரு புள்ளிவிவரம் கிடைக்குமே என்று நோட்டைப் பிரித்தேன்.

முத்து முத்தான கையெழுத்து. குறுக்கே நாங்கள் பார்த்த ஆப்கள். தலைப்பில் ஆட்கள். 499 ரூபாய்ப் பாஸில் பதிமூணு நாளில் நான் பார்த்தது ஒரே படம், இரண்டு மணி நேரம். பதிமூணு நாளுக்கான விகிதாசாரம் 216 ரூபாய். ஆக மணிக்கு 108. பக்கத்தில் சிவப்பு மையில் 'அதிகம்' என்று குறிப்பு. 199க்கு நேரே மணி நேரம் பூஜ்யம். வகுக்க முடியாததால் ஒரு கேள்விக்குறி. பையனின் கார்ட்டூன் 19 மணி நேரம். அதுவும் ஓசி யூடியூபில்! மருமகள் ஆறு மணி நேரம். 'அப்பா' என்ற தலைப்பில், அதாவது அவருக்கே, பழைய படம் ஒன்று, முக்கால் மணி நேரம், 'பாதியில் நிறுத்தம்'.

நாலு பேர் வீட்டில் ஐந்து தலைப்பு இருந்தது. ஐந்தாவது, 'அம்மா'.

அதில் தேதி வாரியாக எழுதியிருந்தார். 1ந் தேதி திங்கள், இரவு 8.30 - 9.00. வரவில்லை. 2ந் தேதி செவ்வாய், 8.30 - 9.00. வரவில்லை. 3ந் தேதி, வரவில்லை. ஞாயிறு மட்டும் 'விடுமுறை'. வெள்ளிக்கிழமை வரை இப்படியே. கீழே கோடு போட்டு, 'பாக்கி 11'.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா இருந்தவரை எட்டரை மணி சீரியல் என்றால் அப்பாவுக்கு ஆகாது. "அந்தப் பொம்பளை இன்னும் அழுதுண்டுதான் இருக்காளா?" என்று கேலி செய்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாக்கிங் கிளம்பிவிடுவார். சில நாள் மழையில் வெளியே போக முடியாமல் உட்கார்ந்தால், "இது யாரு? அது யாரு?" என்று தொணதொணப்பார். "விளம்பரம் வரட்டும், சொல்றேன்" என்பாள் அம்மா. அம்மா போனதும் அவர் எங்களோடு வந்து தங்கியபின், எட்டரைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்தது எனக்கும் தெரியும். ரிடையர் ஆனவர்களுக்கு வருகிற சீரியல் வியாதி என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. எந்தச் சீரியல் என்றுகூடக் கேட்கவில்லை.

நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கேபிள்காரத் தம்பிக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்க சார்."

"அந்த... கனெக்‌ஷன் திரும்ப..."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரேன் சார். பாக்ஸை இன்னும் ஆபீஸ்ல ஒப்படைக்கலை. வண்டியிலயேதான் இருக்கு."

"ஏன்?"

"ஐயா மாதிரி பெரியவங்க இருக்கிற வீட்ல ஒரு பதினைஞ்சு நாள் வெச்சிருப்பேன் சார். எப்படியும் கூப்பிடுவாங்க."

சேனலின் சொந்த ஆப்பை ஸ்டிக்கில் இறக்கினேன். ஒரு மாசத்துக்கு மட்டும் பாஸ் போட்டு, தானாகப் புதுப்பிப்பதை அங்கேயே அப்போதே நிறுத்தினேன். (இதை நீங்களும் செய்யலாம். பாஸ் போட்ட சூட்டோடு நிறுத்திவிட்டால் கட்டிய காலம் வரை அது ஓடும். அப்புறம் மறந்தாலும் நஷ்டமில்லை.) கூடவே அந்த 199ஐயும் 499ஐயும் முடித்துவைத்தேன். இனிமேல் எங்கள் வீட்டுக் கணக்கு இதுதான். கேபிள் 280. பிராட்பேண்ட் 707. மாசத்துக்கு ஒரே ஒரு பாஸ், 299க்கு மிகாமல். எது என்பதை அந்தந்த மாசம் ஓட்டுப் போட்டு முடிவு செய்வது. மொத்தம் 1,286. மிச்சம் 649.

மத்தியானம் சாப்பிட்டதும் இதை அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் பேனாவை எடுத்தார்.

"பரண்ல கிடக்கிற பெட்டி 1,900. இந்தக் குச்சி 3,000. மொத்த முதலீடு 4,900. மாசம் 649 மிச்சம்னா, போட்ட காசு திரும்பி வர எத்தனை மாசம்?"

வகுத்தேன். "ஏழரை..."

"ஏழரைதான்" என்றார் அப்பா. "அதுவும் வருஷப் பாஸ் ரெண்டும் முடிஞ்சு, நீ மறுபடி கட்டாம இருந்தா."

இரண்டு மணிக்கு ஆப்பைப் போட்டு, விட்டுப்போன முதல் எபிசோடை எடுத்துக் கொடுத்தேன். அடுத்ததுக்கு எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டார். விளம்பரம் இல்லாததால் ஒவ்வொன்றும் இருபது, இருபத்திரண்டு நிமிஷம்தான். மூணரைக்கு ஒரு காபி. அஞ்சு மணிக்குக் கேபிள்காரத் தம்பி வந்து ஒயரைச் சொருகியபோது, "சத்தம் போடாம வேலையைப் பாருப்பா" என்றார். ஆறரைக்கு முடித்துவிட்டு நோட்டை எடுத்து, அம்மாவின் தலைப்பில் எழுதினார். 'பாக்கி 11. தீர்ந்தது 11. நில்.'

எட்டரைக்கு நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் நீலப் புடவை கட்டிய ஒரு பெண், சிவப்புப் புடவை கட்டிய பெண்ணை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருப்பா இந்த நீலப் புடவை?"

"கொஞ்சம் சும்மா இரேன்டா" என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "விளம்பரம் வரட்டும், சொல்றேன்."